ஆற்றுத் தரவைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ள ஒரு பரவல் முறை: முதல் படியிலிருந்து கடைசிச் சோதனை வரை

ஒரே ஆறு, ஒரே நாள், ஒரே இடம். ஒரு ஆய்வகம் நைட்ரேட் 10 என்கிறது, இன்னொன்று 2.26 என்கிறது, இரண்டுக்கும் அலகு லிட்டருக்கு மில்லிகிராம்தான். யார் தப்பு? யாரும் இல்லை. முதல் ஆய்வகம் நைட்ரேட் அயனியின் எடையை எழுதியது, இரண்டாவது அதற்குள் இருக்கும் நைட்ரஜனின் எடையை மட்டும் எழுதியது. நைட்ரேட்டின் எடை 62, நைட்ரஜனின் எடை 14, வகுத்தால் 4.43, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே டேட்டாபேஸில் ஒரே பத்தியில் கொட்டி வரைபடம் போட்டால், ஆறு ஒரு எல்லையைத் தாண்டியதும் திடீரென்று சுத்தமாகிவிட்ட மாதிரி தெரியும். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் இது ஆறு மாதம் யார் கண்ணிலும் படாமல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர்கள் எல்லாம் நன்றாகத்தான் இயங்கின, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் சர்வர், நெட்வொர்க் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவேன். இயந்திரங்களை இணைப்பது ஒரு வாரத்து வேலை. ஓர் எண் என்ன சொல்கிறது என்பதை அந்த எண்ணோடு சேர்த்தே பயணிக்க வைப்பதில்தான் மாதக்கணக்கு போகும், திட்டங்கள் கவிழ்வதும் அங்கேதான்.

முதலில், ஏன் பரவலாக வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே பெரிய சர்வரில் போட்டுவிட்டால் முடிந்ததே என்று யாராவது கேட்பார்கள், எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது கேட்பார். நீர்மட்டம் ஒரு துறையிடம், நீரின் தரம் இன்னொரு துறையிடம், மழை வானிலைத் துறையிடம், மீன்களின் கணக்கு ஒரு பல்கலைக்கழகத்திடம், ஆறு நாடுகளைக் கடந்து ஓடினால் இதெல்லாம் நாட்டுக்கு ஒரு செட். தங்கள் தரவை மொத்தமாக இன்னொருவர் கையில் கொடுக்க இவர்களில் பாதிப் பேர் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதித்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்றுத் தரவு திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும், அந்தத் திருத்தம் அளந்தவரிடம்தான் நடக்கும். நீங்கள் எடுத்து வைத்த நகல் மறுநாளே பழையதாகிவிடும். தரவு பிறந்த இடத்திலேயே இருக்கட்டும், அதைக் கண்டுபிடிக்கவும் கேட்டு வாங்கவும் பொதுவான வழி இருக்கட்டும் என்பதுதான் இங்கே பரவல் முறை என்பதன் பொருள்.

படி 1: யார், எவ்வளவு அவசரமாகக் கேட்கப் போகிறார்கள்?

1986 நவம்பர் 1-ம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்துகளைச் சுமந்துகொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது, பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழே பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து. அங்கே குடிநீருக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுப்பவருக்கு வேண்டியது இரண்டே தகவல்தான்: என்ன வருகிறது, எப்போது வரும். அவருக்குப் பத்தாண்டு சராசரியோ அழகான வரைபடமோ தேவையில்லை.

அதே ஆற்றில், இருபது வருடத்தில் பாஸ்பரஸ் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வாளருக்கு ஒரு நாள் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 2003-ல் ஆய்வு முறை மாறியதா, கருவியை மாற்றினார்களா என்பதெல்லாம் அவருக்கு உயிர். நடுவில் இன்னொருவர், நாளைக்கு அணையிலிருந்து எவ்வளவு திறக்கலாம் என்று முடிவு செய்பவர், அவருக்குக் கடந்த சில நாட்களின் நீர்மட்டம் பதினைந்து நிமிட இடைவெளியில் வேண்டும்.

இந்த மூன்று பேரையும் ஒரே குழாயில் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: யார், என்ன கேட்கிறார், எவ்வளவு நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் அது அவருக்குப் பயன்படாது. இந்தத் தாள் இல்லாமல் மென்பொருள் பற்றிப் பேச ஆரம்பித்த கூட்டங்கள் எனக்குத் தெரிந்து நன்றாக முடிந்ததில்லை.

கையோடு அளவையும் கணக்குப் போட்டுவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்றால் நாளுக்கு 96, வருடத்துக்கு 35,040. ஐநூறு நிலையம், நிலையத்துக்கு எட்டு அளவுகள் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 14 கோடிப் பதிவுகள். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மேல் டைம்ஸ்கேல் என்ற நேரத்தொடர் நீட்சியைப் போட்ட ஒரு சாதாரண சர்வர் இதைத் தாங்கும். அதுவும் பரவல் முறையில் ஒவ்வொரு முனையிலும், அதாவது ஒவ்வொரு அமைப்பும் தன்னிடம் நடத்தும் சர்வரிலும், இதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே 'பிக் டேட்டா' தளம் விற்க வருபவரை மரியாதையாக அனுப்பிவிடலாம்.

படி 2: ஒரே ஒரு அளவீட்டை முழுசாக எழுதிப் பாருங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். பங்கேற்கும் எல்லா அமைப்பினரையும் உட்கார வைத்து, ஒரே ஓர் எண்ணை, யாரிடமும் போன் போட்டுக் கேட்காமல் புரிந்துகொள்ளும் அளவுக்கு எழுதச் சொல்லுங்கள். இப்படி வரும்:

அளந்த பொருள்: நைட்ரேட், நைட்ரஜனாகக் கணக்கிட்டது, வடிகட்டிய மாதிரி
மதிப்பு: 2.26
அலகு: லிட்டருக்கு மில்லிகிராம்
மாதிரி எடுத்த நேரம்: 2024-03-11, 06:40, யுடிசி (உலகப் பொது நேரம்)
முடிவு வந்த நேரம்: 2024-03-14, 09:15, யுடிசி
எடுத்த இடம்: பாலத்தின் நடுக்கண், மேற்பரப்பிலிருந்து 0.3 மீட்டர் ஆழம்
முறை: அயனிப் பிரிப்பு நிறவரைவி, ஆய்வக முறை எண்
கண்டறியும் கீழ் வரம்பு: 0.02
நிலை: தற்காலிகம்
தரக்குறி: சரிபார்க்கப்படவில்லை
அளந்தவர், வெளியிட்டவர்: இரண்டும் தனித்தனி
பதிப்பு: 1

இதில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தகராறு இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்ல முடியாது, அதிகம் கடிப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏன் இரண்டு நேரம்? ஆய்வகத்தில் செய்யும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள், மாதிரியை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். திங்கட்கிழமை ஆற்றில் இருந்த நிலைமை சனிக்கிழமைதான் தெரியவரும். ஒரே நேரப் பத்தி வைத்திருந்தால் சிலர் மாதிரி எடுத்த நாளையும் சிலர் முடிவு வந்த நாளையும் போடுவார்கள், பிறகு மழைக்கும் மாசுக்கும் தொடர்பு தேடும் ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அளவீடுகளுக்கான ஐஎஸ்ஓ 19156 தரநிலை இந்த இரண்டு நேரங்களையும் பிரித்தே வைத்திருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மணியும் முக்கியம், தேதி மட்டும் போதாது. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை விடும், இரவில் எல்லாமே சேர்ந்து அதை உறிஞ்சும். அதனால் கரைந்த ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்திலும் விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்திலும் இருக்கும். ஒரு துறை காலை ஆறு மணிக்கும் இன்னொரு துறை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் மாதிரி எடுத்தால், இரண்டாவது துறையின் பகுதி ஆரோக்கியமான ஆறாகத் தெரியும், அவ்வளவுதான்.

நேரத்தை யுடிசியில் வையுங்கள், திரையில் காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி, இன்னொரு நாளுக்கு 25 மணி. அந்த 25 மணி நாளில் ஒரே நேரம் இரண்டு முறை வரும், உங்கள் டேட்டாபேஸ் இரண்டாவதை 'ஏற்கனவே இருக்கிறது' என்று தள்ளிவிடும். தினசரி சராசரி என்றால் அந்த 'நாள்' எந்த மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். ஒருவருக்கு நள்ளிரவு, ஒருவருக்குக் காலை எட்டு.

எண் எந்தக் கால அளவைக் குறிக்கிறது என்பதும் இதோடு ஒட்டியது. நீர்மட்டம் என்பது அந்தக் கணத்து அளவு. மழை என்பது முந்தைய ஒரு மணி நேரத்தின் கூட்டுத்தொகை. தினசரி நீரோட்டம் என்பது சராசரி. மூன்றையும் புள்ளி வைத்து நேர்கோட்டில் இணைத்தால் மழை வரைபடம் பொய் சொல்லும். புவியிடத் தரவுக்குத் தரநிலை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2012-ல் ஏற்ற, நீரியல் தரவைப் பரிமாறுவதற்கான வாட்டர்எம்எல் 2.0 தரநிலையில் இதற்கென்றே தனிக் குறியீடு உண்டு. நிறையப் பேர் அதை நிரப்பாமல் விடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

பூஜ்யம் ஒரு பெரிய சனி. கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவு என்றால் ஒரு ஆய்வகம் 0 போடும், ஒன்று வரம்பில் பாதியைப் போடும், ஒன்று வெற்றாக விடும், ஒன்று '0.02-க்குக் கீழ்' என்று எழுத்தில் போட்டு உங்கள் எண் பத்தியையே உடைக்கும். மதிப்பை ஒரு இடத்திலும், 'இதற்குக் கீழ்' என்ற குறியை இன்னொரு இடத்திலும் வையுங்கள், பாதியாக்குவதோ வேறு கணக்கோ பயன்படுத்துபவரின் வேலை. -9999 என்று வரும் விடுபட்ட மதிப்புகளை வாசலிலேயே பிடித்து 'இல்லை' என்று மாற்றுங்கள். சராசரியில் ஒரே ஒரு -9999 புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீர்மட்டத்துக்கு அடிப்புள்ளி வேண்டும். 4.2 மீட்டர் என்றால் எதிலிருந்து? அந்த நிலையத்து அளவுகோலின் பூஜ்யத்திலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா, கடல்மட்டம் என்றால் எந்த நாடு வரையறுத்த கடல்மட்டம்? அளவுகோலை இடம் மாற்றி நட்டால் அந்தத் தேதியும் பதிவாக வேண்டும்.

தரக்குறிக்குச் சொந்தமாக அகராதி எழுத ஆசை வரும், வேண்டாம். வாட்டர்எம்எல்லில் நல்லது, சந்தேகம், மதிப்பீடு, மோசம், சரிபார்க்காதது, விடுபட்டது என்று ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. உள்ளே நீங்கள் முப்பது குறிகள் வைத்துக்கொள்ளலாம், வெளியே அனுப்பும்போது இந்த ஆறில் ஒன்றாக மாற்றி அனுப்புங்கள், உங்கள் சொந்தக் குறியைக் கூடவே ஒட்டிவிடுங்கள்.

படி 3: பெயரும் இடமும்

அளவுகளுக்குக் குறியீடு வையுங்கள், பெயரை நம்பாதீர்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தில் நீரோட்டத்துக்கு 00060, நீர்மட்டத்துக்கு 00065 என்று ஐந்து இலக்கக் குறியீடுகள். இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு: கோப்பை எக்செல்லில் திறந்து மூடினால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போய் 60 ஆகிவிடும், மறுநாள் 'தெரியாத குறியீடு' என்று பாதிக் கோப்பு நிராகரிக்கப்படும். குறியீடு என்றால் எழுத்துத்தொடர், எண் இல்லை என்று உங்கள் விதியில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஒவ்வொரு முனையும் தன் சொந்தக் குறியீட்டை வைத்துக்கொள்ளட்டும், மாற்றச் சொன்னால் சண்டைதான் வரும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அட்டவணை போதும்: இவர்களுடைய 'நைட்ரேட்-1' என்பது நமது பொதுப் பட்டியலில் இன்னது, மாற்றுக் காரணி இவ்வளவு, இந்தத் தேதியிலிருந்து. அந்த அட்டவணையைப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும், குழு போதாது.

இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் போதாது. வரைபடத்தில் ஐநூறு மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு நிலையங்கள் வேறு வேறு ஆறுகளில் இருக்கலாம், நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவை ஒரே ஓட்டத்தில் இருக்கலாம். உங்கள் அமைப்பு பதில் சொல்ல வேண்டிய முக்கியமான கேள்வி 'இதற்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள்' என்பதுதான். ஒவ்வொரு நிலையத்தையும் ஆற்று வலையின் ஒரு துண்டோடு இணைத்து, முகத்துவாரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற தூரத்தையும் சேர்த்து வையுங்கள்.

1989-ல் பிரேசில் நாட்டுப் பொறியாளர் ஓட்டோ ஃபாஃப்ஸ்டெட்டர் கொடுத்த எண்முறை இதற்கு அழகாக உதவும். முகத்துவாரத்திலிருந்து மேலே ஏறிப் போகும்போது நான்கு பெரிய துணையாறுகளுக்கு 2, 4, 6, 8. இடையிடையே வரும் முதன்மை ஆற்றுப் பகுதிகளுக்கு 1, 3, 5, 7, 9. ஒவ்வொன்றையும் உள்ளே இதே மாதிரி மறுபடி பிரிக்கலாம். இப்போது துணையாறு 6-ல் கசிவு என்றால் 5, 3, 1 பாதிக்கப்படும். 7, 8, 9 மேலே இருக்கின்றன, 2-ம் 4-ம் வேறு கிளைகள், தப்பித்தன. வரைபடத்தைத் திறக்காமலே எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கால்வாய் வெட்டி ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இடங்களில் மட்டும் இந்த எண்முறை கைவிடும், அவற்றைத் தனி இணைப்புகளாகப் பதிவு செய்யுங்கள்.

படி 4: எதை எங்கே வைப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கியூவாசி கட்டிய நீரியல் தகவல் அமைப்பை ஒரு முறை படித்துப் பாருங்கள், மூன்றே பகுதிகள்தான். தரவு வைத்திருப்பவர் தன் இடத்தில் ஒரு ஹைட்ரோசர்வர் நடத்துவார். நடுவில் ஒரு பட்டியல், அதில் அளவீடுகள் இருக்காது, எந்த இடத்தில், எந்த அளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாரிடம் இருக்கிறது என்ற விவரம் மட்டும். பயன்படுத்துபவரின் மென்பொருள் பட்டியலில் தேடி, பிறகு நேராக அந்தந்த சர்வரிடம் தரவைக் கேட்கும். இந்த மூன்று பகுதி வடிவம் இன்றைக்கும் நல்ல ஆரம்பப் புள்ளி.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டு முனைகளிடம் ஒரே நேரத்தில் கேட்டால், எட்டில் மெதுவானது எதுவோ அதன் வேகம்தான் உங்கள் வேகம், ஒன்று படுத்துவிட்டால் பதிலே அரைகுறை. அதனால் நடுவில் ஒரு தற்காலிக நகல் வையுங்கள், அண்மைக்காலத் தரவுக்கு மட்டும். கேட்டவருக்கு 'இந்த முனையிலிருந்து கடைசியாக வந்தது 40 நிமிடம் முன்பு' என்று நகலோடு சேர்த்துச் சொல்லுங்கள். பரவல் அமைப்புகளில் இணைப்பு அறுந்தால், எல்லா இடத்திலும் ஒரே பதில் வேண்டுமா, அல்லது எப்படியாவது ஒரு பதில் வேண்டுமா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000-ல் முன்வைத்த இதை கில்பர்ட்டும் லிஞ்சும் 2002-ல் நிரூபித்துவிட்டார்கள், தப்பிக்க வழியில்லை. வங்கிக் கணக்கு என்றால் முதலாவது. ஆறு என்றால் என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான், வயது எழுதிய பழைய எண் வெற்றுத் திரையைவிட எவ்வளவோ மேல்.

எழுதும் உரிமை மட்டும் பிரிக்கப்படக் கூடாது. ஒரு தரவுத்தொடருக்கு ஒரே ஒரு முனைதான் சொந்தக்காரர், மற்ற எல்லா இடத்திலும் படிக்க மட்டும். இந்த ஒரு விதியால் இரண்டு முனைகள் ஒரே பதிவை மாற்றி மோதிக்கொள்ளும் பிரச்சினையே இல்லாமல் போகும், பரவல் அமைப்புப் பாடப்புத்தகங்களில் பாதி அத்தியாயம் உங்களுக்குத் தேவைப்படாது.

படி 5: கேட்பதற்கும் கொடுப்பதற்கும் பொது மொழி

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஓஜிசியின் சென்சார்திங்ஸ் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்டுத் தரவு வாங்கும் வழி) எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்தது, ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவத்தில் பேசும், எந்த நிரலாளரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார். ஃபிராஸ்ட் சர்வர் என்று இலவசத் திறமூல மென்பொருளும் உண்டு. அரசுகளுக்கு இடையே முறையாக நீரியல் தொடர்களைப் பரிமாற வாட்டர்எம்எல். அது எக்ஸ்எம்எல் என்ற பழைய, நீளமான வடிவம் என்பதால் இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் அதில் யோசித்து வைத்திருக்கும் விஷயங்கள் ஆழமானவை. இருபது வருடத் தரவை மொத்தமாக எடுக்க வருபவருக்கு ஏபிஐ வேண்டாம், மாதவாரியாகப் பிரித்து, கோப்பின் அளவைச் சுருக்கிய சிஎஸ்வி (காற்புள்ளியிட்ட அட்டவணை) கோப்புகளை ஒரு இடத்தில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகக் கேட்டு உங்கள் சர்வரைப் படுக்க வைப்பார்.

ஏபிஐயில் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒன்று: 'நான் கடைசியாக வாங்கியதற்கு அப்புறம் என்னவெல்லாம் மாறியது?' என்ற கேள்விக்குப் பதில். புதிய பதிவுகள் மட்டும் போதாது, திருத்தப்பட்டவை, நீக்கப்பட்டவை எல்லாம் வர வேண்டும். இதற்கு நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். 10:00 மணிக்கு எழுத ஆரம்பித்த ஒரு பெரிய தொகுதி 10:03-க்கு முடிகிறது, நடுவில் 10:01-க்கு வந்து கேட்டவர் அதைப் பார்க்காமலே போய், அடுத்த முறை '10:01-க்கு அப்புறம்' என்று கேட்பார். அந்தத் தொகுதி அவருக்கு என்றைக்கும் கிடைக்காது. அதற்குப் பதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அது முழுதாகச் சேமிக்கப்பட்ட பிறகு, ஏறுவரிசையில் ஒரு எண் கொடுங்கள். '48213 வரை வாங்கிவிட்டேன், மேலே கொடு' என்பது குழப்பமில்லாத கேள்வி.

நீக்கிய பதிவை உண்மையில் அழிக்காதீர்கள், 'நீக்கப்பட்டது' என்று ஒரு கல்வெட்டு நட்டு வையுங்கள். இல்லையென்றால் மற்றவர்களின் நகலில் அது நிரந்தரமாக வாழும்.

படி 6: ஆற்றங்கரையிலிருந்து முனை வரை

வெள்ளம் வரும்போதுதான் தரவு வேண்டும், வெள்ளம் வரும்போதுதான் மின்சாரமும் செல்போன் கோபுரமும் போகும். ஆகவே கரையில் இருக்கும் பதிவுக் கருவி குறைந்தது சில வாரத் தரவைத் தன்னிடமே சேமித்து, இணைப்பு திரும்பியதும் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது அண்மை அளவீட்டை முதலில் அனுப்பட்டும், பழைய பாக்கியைப் பின்னால் மெதுவாக. பழையதிலிருந்து வரிசையாக அனுப்பினால் 'இப்போது மட்டம் என்ன' என்பது தெரிய இரண்டு மணி நேரம் காத்திருப்பீர்கள்.

எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் நெறிமுறை இந்த வேலைக்குப் பொருத்தமானது, மெலிந்த இணைப்புக்கென்றே 1999-ல் பிறந்தது. 'குறைந்தது ஒரு முறை' என்ற சேவைத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரே செய்தி இரண்டு முறை வரலாம், பரவாயில்லை. நிலையம், அளவு, நேரம் மூன்றும் சேர்ந்த சாவி இருந்தால் இரண்டாவது வருகை முதலாவதன் மேலேயே விழும். வந்த செய்தியை மூல வடிவில் அப்படியே ஒரு பக்கம் சேமித்துவிட்டு அப்புறம் அதிலிருந்து மதிப்புகளைப் பிரித்தெடுங்கள், பிரிக்கும் நிரலில் பிழை இருந்தது என்று மூன்று மாதம் கழித்துத் தெரியும்போது அந்த மூலம்தான் காப்பாற்றும்.

தானியங்கிச் சோதனைகளை முனையிலேயே வையுங்கள். வரம்பு தாண்டியதா, ஒரே மதிப்பு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறதா, ஒரே தாவலில் எகிறியதா? ஆனால் சோதனையில் தோற்ற எண்ணை அழிக்க வேண்டாம், 'சந்தேகம்' என்று குறியிட்டு அனுப்புங்கள். ஒரே தாவலில் எகிறுவது சில சமயம் பழுது, சில சமயம் நிஜ வெள்ளம். கரைந்த ஆக்சிஜன் சென்சாரில் பாசி படிந்து மதிப்பு நாளுக்கு நாள் நழுவுவதை எந்தச் சோதனையும் சுலபமாகப் பிடிக்காது, துடைத்த தேதியும் துடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவும் பதிவில் இருந்தால்தான் பின்னால் சரிசெய்ய முடியும். கரைக்குப் போகிறவரின் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகமும் உங்கள் அமைப்பின் பகுதிதான்.

படி 7: திருத்தம்

பெரும்பாலான நிலையங்களில் நீரோட்டத்தை நேரடியாகத் தொடர்ந்து அளப்பதில்லை, மட்டத்தை அளந்து, ரேட்டிங் கர்வ் என்ற உறவு வளைகோட்டால் நீரோட்டமாக மாற்றுகிறார்கள். ஒரு பெரிய வெள்ளம் ஆற்றின் அடித்தளத்தை அரித்துவிட்டால் அந்த வளைகோடு செல்லாது. சில வாரம் கழித்து ஆட்கள் போய் நேரில் அளந்து புதிய வளைகோடு வரைவார்கள், அது வெள்ளம் வந்த நாளிலிருந்தே செல்லும். அப்போது அந்த இடைப்பட்ட வாரங்களின் அத்தனை நீரோட்ட எண்களும் மாறும், மட்ட எண்கள் ஒன்றுகூட மாறாது. அதனால்தான் அண்மைத் தரவு 'தற்காலிகம்' என்ற முத்திரையோடு வெளியாகிறது, சரிபார்த்த பின் 'ஏற்கப்பட்டது' ஆகிறது.

உங்கள் வடிவமைப்பு இதைத் தாங்க வேண்டும். பழைய மதிப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள். பதிப்பு 1 இருக்கட்டும், பதிப்பு 2 வரட்டும், எந்த வளைகோட்டால் கணக்கிட்டது, யார் எப்போது ஏன் மாற்றினார் என்பது கூடவே இருக்கட்டும். அப்போதுதான் 'இன்றைக்குத் தெரிந்தபடி ஜூலை 14-ல் நீரோட்டம் என்ன' என்றும், 'ஜூலை 14 அன்று கையில் இருந்த தகவல் என்ன' என்றும் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும். அணையைத் திறந்த முடிவு சரியா என்ற விசாரணை வரும்போது கேட்கப்படுவது இரண்டாவது கேள்விதான். வாட்டர்எம்எல்லின் இரண்டாம் பகுதி வளைகோடுகளையும் நேரடி அளவீடுகளையும் பரிமாறவே எழுதப்பட்டது, மட்டத்தோடு வளைகோட்டையும் பகிர்ந்தால் மற்ற முனைகள் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

படி 8: யாருக்கு எவ்வளவு?

படிப்பது திறந்திருக்கட்டும், கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு உரிமம் 4.0 பெரும்பாலான தரவுக்குப் போதும். அழியும் நிலையில் இருக்கும் மீன்கள் முட்டையிடும் இடம் போன்றவற்றின் துல்லிய இருப்பிடத்தை மட்டும் மங்கலாக்கிக் கொடுங்கள். உரிம விவரத்தை இணையதளத்தின் மூலையில் போடாமல் தரவுத்தொடரோடு ஒட்டுங்கள். முக்கியமாக, மூடிய தரவையும் பட்டியலில் காட்டுங்கள். இருக்கிறது, கேட்டால் கிடைக்கலாம் என்று தெரிந்தாலே போதும், யாராவது கேட்பார்கள்.

படி 9: அபாய மணிக்குத் தனி வழி

டான்யூப் படுகையில் 19 நாடுகளுக்குப் பங்கு உண்டு. அங்கே வழக்கமான நீர்த்தரக் கண்காணிப்பு வலை 1996-லிருந்து ஒரு பக்கம், விபத்து எச்சரிக்கை அமைப்பு 1997-லிருந்து இன்னொரு பக்கம், இரண்டும் தனித்தனி. 2000 ஜனவரி 30-ம் தேதி ருமேனியாவின் பாயா மாரேயில் சுரங்கக் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்து, சயனைடு கலந்த சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் நீர் சோமெஷ், டீஸா ஆறுகள் வழியாக டான்யூபை நோக்கி இறங்கியபோது செய்தியைக் கீழே கொண்டுபோனது அந்த எச்சரிக்கை அமைப்புதான்.

எச்சரிக்கைச் செய்தியில் நாலைந்து வரிதான் இருக்க வேண்டும்: என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு, யாரைக் கேட்கலாம். முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்த வார்ப்புருவில், எல்லா மொழிகளிலும். கிடைத்தது என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் போன் மணி அடிக்க வேண்டும். மாசு எப்போது வந்து சேரும் என்பது அன்றைய நீரோட்டத்தைப் பொறுத்தது, ரைன் ஆற்றில் சாண்டோஸ் விபத்துக்குப் பிறகு அதற்கென்றே ஒரு கணிப்பு மாதிரியை உருவாக்கினார்கள். உங்களால் அவ்வளவு முடியாவிட்டாலும், குறைந்த ஓட்டம், நடுத்தர ஓட்டம், வெள்ளம் என்று மூன்று நிலைக்கும் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளலாம்.

படி 10: இரண்டு முனையோடு தொடங்கி உடைத்துப் பாருங்கள்

பத்து அமைப்புகள் கையெழுத்துப் போடும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரே ஆற்றில் மேலே ஒருவர், கீழே ஒருவர், மூன்றே அளவுகள்: நீர்மட்டம், மின்கடத்துதிறன், நைட்ரேட். மூன்றாவது வேண்டுமென்றே, அலகுத் தகராறு அதில்தான் வரும். இரண்டு மாதம் ஓடட்டும்.

பிறகு வேண்டுமென்றே அமைப்பைக் கெடுத்துப் பாருங்கள். மேல் முனையின் இணைய வயரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிடுங்கிவிட்டு, திங்கட்கிழமை சொருகுங்கள். கீழ் முனையில் ஒரு பதிவுகூடக் குறையக் கூடாது, இரட்டிப்பும் இருக்கக் கூடாது, அந்த மூன்று நாளும் திரை 'பழைய தரவு' என்று சொல்லியிருக்க வேண்டும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் தவறாக வையுங்கள். ஒரு நைட்ரேட் தொகுதியை அலகு வரி இல்லாமல் அனுப்புங்கள், முனை அதை வாங்க மறுக்க வேண்டும், மறுத்த காரணத்தைப் படித்தால் புரிய வேண்டும். போன மாதத்து வளைகோட்டை மாற்றி எத்தனை மணி நேரத்தில் மறுபக்கத்தில் பதிப்பு 2 தெரிகிறது என்று பாருங்கள், பதிப்பு 1 இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்கு இந்தத் திட்டத்தில் சம்பந்தமே இல்லாத, ஆனால் தண்ணீர் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். பட்டியலின் முகவரியை மட்டும் கொடுத்து, 'இந்த ஆற்றில் நைட்ரேட் கூடுகிறதா, குறைகிறதா' என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் திரும்பி உங்களைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள். படி 2-ல் நீங்கள் விட்ட வரிகள் அவை.